தொட்டியில் ஒரு தைலமரம்

என் கணவருக்கு மூக்கு இருந்தது. பார்க்க எடுப்பாகவே இருந்தது. கண்ணாடியைத் தாங்கும் வேலையை ஒழுங்காகச் செய்தது. மூச்சு விடுவது, வாசனை பிடிப்பது என்கிற மற்ற இரண்டு வேலைகளையும்தான் அது ஏற்றுக்கொள்ளவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்று நாலு வார்த்தைக்கு ஒரு தரம் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகர்ந்து, மடித்து, திரும்ப வைத்துக்கொண்டார். கூடமெல்லாம் நீலகிரித் தைல வாசனை. நாங்கள் கடலூர் பக்கம் சவுக்குத் தோப்பு வைத்திருந்த குடும்பம். "மாப்பிள செண்டு போடுறாரு. பாண்டிச்சேரிக்காரங்கன்னா சும்மாவா?" என்று என் அத்தை பெருமைப்பட்டாள். அது செண்டு இல்லை, சளி என்பது கல்யாணமான மறுவாரம் எனக்குத் தெரிந்தது.

மார்கழிக்கும் மூக்கடைப்பு, சித்திரைக்கும் மூக்கடைப்பு. சுக்கு, மிளகு, மஞ்சள் புகை, ஆவி எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவர் நம்பிய ஒரே தெய்வம் அந்தத் தைலம்தான். தலையணையில் நாலு சொட்டு, சட்டைக் காலரில் இரண்டு சொட்டு, அசந்தால் என் முந்தானையிலும் ஒரு சொட்டு. "உள்ள சில்லுன்னு போவுது பாரு, அதுதான் வாசனை" என்பார். சில்லென்பது வேறு, வாசனை வேறு என்று எனக்குத் தோன்றும். புதுப் பெண் என்பதால் வாயைத் திறக்கமாட்டேன்.

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையல் இடம், பின்னால் கிணற்றோடு ஒரு முற்றம். முன்கட்டில் வீட்டுக்காரி தனியாக இருந்தாள். அவளுடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அவரோடு அல்ஜீரியாவில் சில வருஷம் குடித்தனம் செய்துவிட்டு, அவர் போன பிறகு பென்ஷனோடு ஊருக்குத் திரும்பி வந்தவள். தெருவே அவளை மதாம் என்றுதான் கூப்பிட்டது; என் கணவரை அவள் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்பாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை, இடுப்பில் மூக்குப்பொடி டப்பா. புதுச்சேரியில் எதைப் பார்த்தாலும் அல்ஜீரியாவில் அதைவிடப் பெரியதாகப் பார்த்திருப்பாள். அங்கே ஆரஞ்சு பெரியது, கத்தரிக்காய் பெரியது, கொசுகூடப் பெரியது.

என் கணவர் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் உத்தியோகத்துக்கு வந்து, கொடி மாறியதும் ஃபைல்களும் இங்கிலீஷுக்கு மாறியதால், சாயங்காலங்களில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தார். புதிதாகக் கற்ற வார்த்தைகளை மதாமிடம் உபயோகித்துப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அவளுக்கு அது பிடிக்காது என்பதுதான் சந்தோஷமே.

கல்யாணத்துக்கு அடுத்த கோடையில் அவருடைய ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் ஊட்டிக்குப் போனார். திரும்பி வரும்போது எங்களுக்காக ஒரு மரக்கன்று கொண்டுவந்தார். என் கணவர் அதை ஒரு கையிலும் சைக்கிளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, தெருவெல்லாம் மணியடித்தபடி வந்து சேர்ந்தார்.

"இந்தா, ஓடி வா! யூகலிப்டஸ் வந்துடுச்சு!"

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஒரு தகர டப்பாவில் ஈரச்சாக்கு சுற்றி, ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. இலைகள் உருண்டையாக, இரண்டிரண்டாக எதிரெதிரே, காம்பே இல்லாமல் தண்டைக் கட்டிப் பிடித்தபடி இருந்தன. எல்லாவற்றின் மேலும் விபூதி பூசினாற்போல் ஒரு வெளுப்பு. தொட்டால் விரலில் ஒட்டியது. தண்டு பிரண்டைபோலச் சதுரமாக இருந்தது.

மணிச்சத்தம் கேட்டு மதாமும் வந்துவிட்டாள். குனிந்து பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"இது என்ன, முசியே?"

"யூகலிப்டஸ், மதாம்."

"அப்படின்னா?"

"தைலமரம்."

"எக்காலிப்துஸ்ஸா?" அவள் சிரித்துவிட்டாள். "எக்காலிப்துஸ் எல எனக்குத் தெரியாதா? அல்ஜீரியாவுல எங்க வீட்டு ரோட்டுல ரெண்டு பக்கமும் அதுதான். எல நீட்டா, அரிவாளு மாதிரி வளஞ்சு தொங்கும். இது எருக்கங்கன்னு. உங்க சிநேகிதரு ஊட்டி வரைக்கும் போயி எருக்கு வாங்கிட்டு வந்திருக்காரு."

என் கணவருடைய முகம் விழுந்துவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான். அந்த உருண்டை இலையும் வெளுப்பும் பார்ப்பதற்கு எருக்கு மாதிரியேதான் இருந்தன. அவர் ஒரு இலையைக் கிள்ளினார்.

"எருக்குன்னா பால் வரணும். பாருங்க, வரல."

"சின்னக் கன்னு. இன்னும் பால் ஊறல" என்றாள் மதாம்.

கிள்ளிய இலையைக் கசக்கி அவர் ஆழமாக முகர்ந்தார். நாங்கள் இருவரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கசக்கிய இலையோடு கையை மதாமிடம் நீட்டினார். அவள் அப்போதுதான் ஒரு சிட்டிகை பொடி போட்டிருந்தாள். ஒருமுறை தும்மினாள். "ஒண்ணும் தெரியல. எருக்குக்கு ஏது வாசன?" என்றாள்.

ஒருவருக்கு மூக்கடைப்பு, இன்னொருவருக்கு மூக்குப்பொடி. அந்த வீட்டில் வேலை செய்கிற ஒரே மூக்கு என்னுடையதுதான் என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

முகர்ந்தேன். சந்தேகமே இல்லை. என் தலையணை, என் முந்தானை, என் கல்யாணப் புடவை எல்லாவற்றிலும் இருக்கிற அதே வாசனை.

"தைலம்தாங்க" என்றேன்.

"உன் புருஷன் கை பட்டா எருக்கு இல்ல, எருமகூடத் தைலம்தான் மணக்கும்" என்றாள் மதாம்.

அதில் நியாயம் இருந்தது. அந்த நேரத்தில் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா கூடையோடு உள்ளே வந்தாள். எங்கள் யார் கையும் படாமல் அவளையே ஒரு இலையைக் கிள்ளிக்கொள்ளச் சொன்னோம். மோந்து பார்த்தாள்.

"ஐய, இன்னாம்மா இது, ஆஸ்பத்திரி நாத்தம்!"

என் கணவர் அவளைக் கும்பிடாத குறை. அன்றைக்கு மீன் விலையில் அவர் பேரமே பேச விடவில்லை.

கிணற்றடியில் ஈரமான இடமாகப் பார்த்து அதை நட்டுவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தார். மதாம் குறுக்கே வந்து நின்றாள்.

"தரையில வைக்கக் கூடாது, முசியே. அல்ஜீரியாவுல சேத்து நெலத்த காய வைக்கத்தான் எக்காலிப்துஸ் நடுவாங்க. கெணத்தையே குடிச்சுடும்."

"எருக்குன்னு சொன்னீங்களே?"

"எருக்குன்னாலும் வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ள யாராவது எருக்கு வைப்பாங்களா?"

அவர் மண்வெட்டியைக் கிணற்றுச் சுவரில் சாய்த்து வைத்தார். ஆகவே ஒரு மண்தொட்டி வாங்கி வந்தோம். தொட்டியில் இருக்கிறவரை மதாமுக்கு ஆட்சேபம் இல்லை. தரையில் இறங்கினால் செடியோடு நாங்களும் வெளியேற வேண்டும் என்று பேச்சு.

மண் கலந்தது நான். அடியில் ஓட்டைமேல் ஒரு ஓட்டுச்சில்லு, அதன்மேல் செம்மண்ணும் மணலும் கொஞ்சம் மட்கிய சாணியும். சவுக்கு நாற்று விட்ட வீட்டில் பிறந்தவளுக்கு அது பெரிய காரியம் இல்லை. டப்பாவைக் கத்திரித்து, வேர்மண் உதிராமல் இறக்கி வைத்தேன். அதோடு என் பங்கு முடிந்தது என்று நினைத்தேன். வளர்க்கும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. செடி ஊட்டியிலிருந்து வந்தது; ஊட்டி குளிரும்; ஆகவே செடிக்குக் குளிர வேண்டும். புதுச்சேரி வெயிலை அதற்குத் தெரியாமல் மறைத்துவிட்டால் போதும். காலையில் தொட்டியைக் கிணற்றடியில் வைப்பார். வெயில் ஏறியதும் குளியலறைச் சுவரோரம் நகர்த்த எனக்கு உத்தரவு. மத்தியானத் தூக்கத்துக்கு ஆபீசை மூடுகிற பழைய வழக்கம் அப்போது இன்னும் போகவில்லை. ஊரே தூங்கும் அந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்து, தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டி, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து விசிறுவார். ஒருநாள் உள்ளே படுத்திருந்த நான் வியர்த்துப்போய் எழுந்து வந்து, "அந்த விசிறிய இப்படியும் கொஞ்சம் வீசுங்களேன்" என்றேன்.

"நீ கடலூரு. உனக்குப் பழக்கம். அது பாவம், மலையிலேருந்து வந்திருக்கு" என்றார்.

தண்ணீரும் அப்படித்தான். காலையில் ஊற்றுவார், மத்தியானம் ஊற்றுவார், எனக்குத் தெரியாமல் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போதும் ஊற்றுவார். "மண்ணு காயணுங்க, காஞ்சு காஞ்சு ஊத்தினாதான் வேரு எறங்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். ஊட்டியில் தினமும் மழை பெய்யும் என்று பதில் வந்தது. ஐப்பசியில் நிஜமான மழையே வந்தது. தொட்டி சேறாகி, இலைகள் ஒவ்வொன்றாகக் கருகி உதிர்ந்தன. கார்த்திகையில் ஒரு குச்சிதான் மிஞ்சியது.

அவர் அதைத் துக்க வீட்டுக்காரர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். மதாம்கூடக் கிண்டல் செய்யவில்லை. "எருக்கா இருந்தா செத்திருக்காது. அது எக்காலிப்துஸ்ஸாத்தான் இருக்கணும்" என்று சமாதானம் சொன்னாள். அவளிடமிருந்து அவ்வளவு கிடைத்தது பெரிது.

அவர் தூக்கிப் போடச் சொன்ன தொட்டியை நான் போடவில்லை. தண்ணீரை வடித்து, மேல் மண்ணைக் கிளறிவிட்டு, நல்ல வெயிலில் வைத்தேன். தை பிறந்தபோது குச்சியின் அடியில், மண்ணை ஒட்டி, இரண்டு நீலப்பச்சைத் துளிர்கள் முளைத்திருந்தன. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உட்கார்ந்து பார்த்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆபீசுக்குத் தாமதமாகப் போனார். அதற்குப் பிறகு தண்ணீர்க் குவளையை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். தொட்டியை நகர்த்துவதும் நின்றது; கிணற்றடி வெயிலிலேயே விட்டுவிட்டேன். விசிறியை மட்டும் விடவில்லை.

செடி பிழைத்ததே தவிர வளர்கிற வழியைக் காணோம். இரண்டு வருஷம் போல இடுப்பளவிலேயே நின்றது. நான் மீன் கழுவின தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் ஊற்றுவேன். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் இரண்டு கிளை விடும். மற்றபடி, உருண்டை இலையோடு அது ஒரு நல்ல குழந்தைபோலக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தது.

பிறகு ஒரு கோடையில், எல்லாச் செடியும் வாடுகிற சமயத்தில், அது எழுந்தது. ஒரு வாரம் இருந்த உயரம் மறுவாரம் இல்லை. என் தோளைத் தாண்டியது, அவருடைய தலையைத் தாண்டியது. என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசிலிருந்து ஆட்களை அழைத்து வந்து காட்டினார். "டெம்பரேச்சர்தான் முக்கியம். விசிறணும்" என்று எல்லாரிடமும் சொன்னார். ஒருவர் நிஜமாகவே கேட்டுக்கொண்டு போய்த் தன் வீட்டு ரோஜாவுக்கு விசிறினாராம்.

அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஒருநாள் காலை பல்குச்சியோடு நின்றவர், "ஏய், இங்க வாயேன்!" என்று கத்தினார். உச்சியில் விட்டிருந்த புது இலைகள் உருண்டையாக இல்லை. நீளமாக, ஒல்லியாக, பளபளவென்று, காம்போடு கீழ்நோக்கித் தொங்கின. வெளுப்பையும் காணோம்.

"யாரோ வேற செடிய ஒட்டு கட்டிட்டாங்க" என்றார்.

"ராத்திரியில சுவரேறிக் குதிச்சு ஒட்டு கட்டிட்டுப் போறதுக்கு யாருங்க இருக்கா?"

"அப்ப நோவு. ஏதோ நோவு வந்திருக்கு."

சத்தம் கேட்டு மதாம் வந்தாள். நிமிர்ந்து உச்சியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கை தானாக உயர்ந்து ஒரு இலையைப் பிடித்தது.

"அரிவாளு" என்றாள். பிறகு மெதுவாக, "முசியே, இது எக்காலிப்துஸ்தான். எங்க ரோட்டு மரம் இதேதான்."

கீழே உருண்டை இலை, மேலே அரிவாள் இலை, இரண்டும் ஒரே தண்டில். சின்ன வயசில் ஒரு இலை, பெரியதானதும் வேறு இலை என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. சிநேகிதர் ஏமாற்றவில்லை, மதாமும் பொய் சொல்லவில்லை. அவள் வளர்ந்த மரத்தைப் பார்த்தவள், நாங்கள் குழந்தையைப் பார்த்தவர்கள்.

என் கணவர் வெற்றிப் புன்னகையோடு அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி அதற்குள் மறைந்துவிட்டது. அவள் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடைக் கிணறு, தண்ணீர் கீழே போயிருந்தது.

"இந்தத் தொட்டிய கொஞ்சம் நவுத்துங்க, முசியே."

அவர் பிடித்துத் தள்ளினார். தொட்டி அசையவில்லை. நானும் சேர்ந்து தள்ளினேன். ஊஹூம். மதாம் மண்டியிட்டு, தொட்டிக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டாள். அடி ஓட்டை வழியாக இறங்கிய வேர், அவளுடைய கட்டைவிரல் பருமனுக்கு, கிணற்றடி ஈரத்தில் போய்ச் சௌக்கியமாகக் குடியேறியிருந்தது.

என் கணவருடைய விசிறிக்கு அந்த வளர்ச்சியில் எவ்வளவு பங்கு என்பது அந்த நிமிஷத்தில் தெளிவாகிவிட்டது.

"தரையில வைக்க மாட்டோம்னு சொன்னீங்க" என்றாள் மதாம் எழுந்து கையைத் தட்டிக்கொண்டே.

"நாங்க வைக்கல, மதாம். அதுவே எறங்கிடுச்சு."

"வாடகைக்கு இருக்கிறவங்க எல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்க. வெட்டுங்க."

"வெட்டினா செத்துடும்."

"வெட்டலைன்னா கெணறு செத்துடும்."

இருவரும் அதற்குப் பிறகு பிரெஞ்சில் சண்டை போட்டார்கள். எனக்குப் புரியவில்லை, ஆனால் தமிழில் போட்டதைவிட மரியாதையாகவே இருந்தது. அவர் முகம் சிவந்து, மூக்கு அடைத்து, கடைசியில் கைக்குட்டையை எடுத்தார். நான் உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தேன்.

"நீங்க உள்ள போங்க" என்றேன்.

அவர் போகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தொட்டியின் அடியோரம் மண்ணைக் கீறி, வேரை ஒரே வெட்டில் துண்டித்தேன். தொட்டி ஆடியது. ஆடியதும் மேலே இலைகளெல்லாம் சலசலத்தன.

சாயங்காலத்துக்குள் மரம் தொங்கிப்போனது. உச்சி இலைகள் துணிபோலத் துவண்டன. அவர் காப்பிகூடக் குடிக்கவில்லை. எங்கள் ஊரில் சவுக்கைப் பிடுங்கி நடும்போது வேர் அறுந்தால் தலையையும் கழிப்பார்கள்; தண்ணீர் கொண்டுவர வேர் இல்லாதபோது கேட்க அத்தனை இலை இருக்கக் கூடாது என்பார் என் அப்பா. அதைச் சொல்லி, கிளைகளில் பாதிக்குமேல் கழித்துவிட்டேன். மிச்சமிருக்கும் வேருக்கு அந்தத் தொட்டி போதாது என்பதும் தெரிந்தது. வேறு பெரிய தொட்டிக்கு எங்கே போவது?

மறுநாள் காலை முன்கட்டிலிருந்து உருட்டுகிற சத்தம். மதாம் ஒரு பீப்பாயைப் பாதியாக அறுத்தது ஒன்றைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். அவள் கணவர் காலத்து ஒயின் பீப்பாய். அதுவரை அடுப்புக்கரி போட்டு வைத்திருந்தாள்.

"எனக்குக் கரி போட வேற எடம் இருக்கு" என்றாள். அப்புறம், எங்களைப் பார்க்காமல், "ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பாவம், அது என்ன பண்ணும், தாகம் எடுத்தா குடிக்கத்தானே செய்யும்" என்றாள்.

பீப்பாயின் அடியில் ஓட்டைகள் போட்டு, தரையில் படாமல் இருக்க நாலு செங்கல்மேல் ஏற்றி வைத்தோம். வாரத்துக்கு ஒரு தரம் மதாம் குனிந்து அந்தச் செங்கல் சந்தில் பார்ப்பாள். வேர் எட்டிப் பார்த்தால் அவளே நறுக்கிவிடுவாள். மரம் கொஞ்ச நாள் யோசித்துவிட்டு மறுபடி துளிர்த்தது.

கழித்த இலைகள் ஒரு கூடை இருந்தன. மதாம் அவற்றை நிழலில் காயவைத்து, மழைக்காலத்தில் அவளுடைய நெஞ்சுச் சளிக்கு ஆவி பிடித்தாள். சரியானது. அப்புறம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. "மதாம், ரெண்டு எல" என்று யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். எருக்கு என்று சொன்ன அதே வாயால் "எங்க எக்காலிப்துஸ் அல்ஜீரியா மரத்த விட நல்லது" என்பாள். ஊரில் அவள் அல்ஜீரியாவுக்கு மேல் வைத்த ஒரே பொருள் அதுதான்.

எங்கள் மரத்து இலையால் குணமாகாத ஒரே ஆள் என் கணவர். தினமும் போர்வைக்குள் ஆவி பிடித்தார். மூக்கு இம்மியும் திறக்கவில்லை. குறட்டையும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மதாம்தான் அவரைத் திட்டி ஆஸ்பத்திரிக்குத் துரத்தினாள். அங்கே டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இரண்டு பக்கமும் சதை வளர்ந்து அடைத்திருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார். எத்தனை காலமாக இருக்கிறது என்று கேட்டாராம். சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் என்றாராம் இவர்.

பயந்துகொண்டேதான் போனார். மூக்கில் பஞ்சை அடைத்து, முகம் வீங்கித் திரும்பி வந்தார். சில நாள் கழித்துப் பஞ்சை எடுத்த அன்று ரிக்‌ஷாவில் வந்து இறங்கியவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னது இது?"

"எது?"

"இந்த... இது." மூச்சை இழுத்தார். "இப்ப வருதே."

காப்பி. முன்கட்டில் மதாம் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு முழுவதும் அவர் ஒரு குழந்தை. புளியை முகர்ந்தார், பெருங்காய டப்பாவை முகர்ந்து பின்னால் சாய்ந்தார், துவைத்துக் காய்ந்த வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் நான் பூ வைத்துக்கொண்டபோது பின்னால் வந்து, "மல்லின்னா இதுதானா? இத்தன வருஷமா தெனமும் இப்படியா இருந்த?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். மறுநாள் மீன்காரம்மா வந்ததும், "தெனமும் இப்படியேவா நாறும் நம்ம வீடு?" என்றும் கேட்டார். அதற்குத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனோம். காற்று வந்த பக்கம் மூக்கைத் திருப்பினார். சுவரோரம் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தக் கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். "எனக்கு யாரும் சொல்லவே இல்லியே" என்றார் கடைசியில்.

மரத்தின் நினைப்பு அவருக்கு அதற்கும் மூன்றாம் நாள்தான் வந்தது. எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, ஒரு இலையை நல்லதாகப் பார்த்துப் பறித்து, கசக்கி, கண்ணை மூடி முகர்ந்தார்.

கண் படக்கென்று திறந்தது. கையை உதறினார்.

"ஐயய்யோ! என்னது, மூட்டப்பூச்சி மருந்து மாதிரி!"

"அதுதாங்க உங்க தைலம்."

"இதா? இதையா நான் தலகாணியில ஊத்திக்கிட்டிருந்தேன்?"

"என் தலகாணியிலயுந்தான்" என்றேன்.

மதாம் சிரித்த சிரிப்பில் மூக்குப்பொடி டப்பா இடுப்பிலிருந்து விழுந்தது. அவர் கிணற்றடியில் மூன்று முறை கை கழுவினார். வீட்டில் இருந்த தைலப் புட்டிகளையெல்லாம் எடுத்துத் தெருவில் கொடுத்துவிட்டார். அடுத்தபடியாக மரத்தையும் அப்புறப்படுத்திவிடலாம் என்று ஆரம்பித்தார். காற்று அடித்தால் வாசனை உள்ளே வருகிறதாம், சோறு இறங்கவில்லையாம்.

"அது எங்க மரம், முசியே" என்றாள் மதாம். "வேணும்னா நீங்க காலி பண்ணுங்க."

என்னைப் பார்த்தார். எனக்கு அந்த வாசனை முதலில் பிடித்ததே இல்லை. ஆனால் அத்தனை வருஷம் அதில் படுத்து எழுந்தபின், அவர் கைக்குட்டையில் அது இல்லாதபோது எனக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. துணிப்பெட்டியில் புடவைகளுக்கு நடுவே நாலு இலை போட்டு வைக்க ஆரம்பித்திருந்தேன். "இருந்துட்டுப் போவட்டுங்க" என்றேன். அவர் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு முற்றத்தின் மறுகோடிக்குப் போய், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்தார். அதன்பின் தினமும் அங்கேதான் உட்கார்ந்தார்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, ரெட்டியார்பாளையத்தில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போனோம். மரத்தைக் கேட்கலாமா என்று எனக்கு ஆசை இருந்தது. மதாம் நாங்கள் சாமான் கட்ட ஆரம்பித்த அன்றைக்கே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பீப்பாய்க்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. வண்டி கிளம்பும்போது ஒரு துணிப்பை நிறைய இலையைக் கொடுத்தாள். "முசியே கிட்ட காட்டாத" என்று காதோடு சொன்னாள். கண் கலங்கியிருந்தது. பொடியினால்தான் என்றாள்.

புது வீட்டு வாசலுக்குச் செடி வாங்க அவரும் நானும் விழுப்புரம் ரோட்டில் இருந்த ஒரு நர்சரிக்குப் போனோம். அவர் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து முகர்ந்துகொண்டே போனார். ரோஜா, சம்பங்கி, மருக்கொழுந்து, துளசி. "இது கொஞ்சம் தூக்கல்", "இது காலையில சரி, சாயங்காலம் தாங்காது" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அபிப்பிராயம். செடி விற்கிறவர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார்.

"சார், வாங்குறீங்களா, மோந்து பாத்துட்டுப் போயிடுறீங்களா?"

அவர் நிமிர்ந்தார். கடைக்கோடியில் இருந்த ஒரு குரோட்டன்ஸ் செடியைக் காட்டினார். அதைக் குனிந்து முகர்ந்து, மறுபடியும் முகர்ந்து, திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"இதுல ஒண்ணுமே இல்ல. இத குடுங்க" என்றார்.